ரீச்சரைச் சந்தேகித்த திங்கட்கிழமை

“அவொக்கா ஏதும் சொன்னவரோ?” என்று ரீச்சர் கேட்டபோது ரீச்சர், மச்சாள், நான் மூன்று பேரும் லா சப்பல் மெற்றோ நிலையத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தோம். வக்கீலை இங்குள்ள நம்மவர்கள் பிரெஞ்சுச் சொல்லால் அவொக்கா என்றுதான் சொல்வோம். ரீச்சர் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, என்னைத் திரும்பிப் பாராமலே அதைக் கேட்டார். வெளியே மழை வருகிறதா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ அந்தப் படியிலேயே கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த ஒருவர் என் முதுகில் இடித்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே போனார். அவொக்கா மூன்று நாட்களுக்கு முன்புதான் என்னை அழைத்து ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அதை நான் எவரிடமும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் வசிக்கும் மச்சாளிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு எப்படி இவருக்கு அதைக் கேட்கத் தோன்றியது?

“ஒண்டும் சொல்லேல்லை ரீச்சர்,” என்றேன்.

“ம்,” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த ஒற்றை ‘ம்’மை அன்று பிற்பகல்வரை நான் மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பாரிஸுக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகப்போகிறது. என் கணவரின் அக்காவை நான் மச்சாள் என்று அழைப்பேன். அவர் வில்லியே லே பெல்லில் உள்ள தன் வீட்டில் எனக்கு ஓர் அறை தந்திருந்தார். அங்கிருந்து பஸ்ஸும் ரயிலும் எடுத்து, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஓர் உணவகத்தின் சமையலறைக்கு மரக்கறி வெட்ட வருவேன். என் அகதி விண்ணப்பம் முதல் முறை நிராகரிக்கப்பட்டிருந்தது. மேல்முறையீட்டு விசாரணை நவம்பர் நடுப்பகுதியில் வரவிருந்தது. அந்த நிலையில்தான், ஒரு வெள்ளிக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவொக்காவின் அழைப்பு வந்தது. மொழிபெயர்க்கும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். விசாரணை மன்றத்துக்கு என்னைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறதாம். தட்டச்சில் நான்கே வரி. இந்தப் பெண்ணின் கணவர் இறக்கவில்லை, இவர் கொடுத்திருக்கும் மரணச் சான்றிதழ் பொய், நம்ப வேண்டாம். அவ்வளவுதான். கீழே பெயரோ கையெழுத்தோ இல்லை.

“உங்களுக்கு யாராவது எதிரி இருக்கிறார்களா என்று கேட்கிறார்,” என்றாள் அந்தப் பெண். எனக்கு எதிரி வைத்துக்கொள்ளும் அளவுக்கு இந்த நகரத்தில் ஆட்களையே தெரியாது.

அந்தச் சான்றிதழைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த நாட்களில் சனத்தோடு சனமாக நாங்கள் வெளியே வந்தபோது, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி இராணுவத்தினர் என் கணவரை வரிசையிலிருந்து பிரித்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் எவரும் இல்லை. நான் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகாத இடம் இல்லை. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது எங்களில் பல பெண்கள் வாங்க மறுத்தார்கள். வாங்கினால் தேடல் முடிந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்கள். நானும் வருடக்கணக்கில் மறுத்தேன். பாரிஸில் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தில், கணவருக்கு நேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தது. அதன் பிறகுதான் ஊரிலிருக்கும் என் அண்ணனிடம் சொல்லி அதை எடுப்பித்தேன். வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லி உணவகத்து விலாசத்துக்கு வரவழைத்தேன். மச்சாள் ஒவ்வொரு வருடமும் தம்பியின் பிறந்தநாளன்று ரூ பஜோலில் உள்ள பிள்ளையார் கோவிலுக்குப் போய், அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, உயிரோடிருக்கும் ஒருவருக்குச் செய்வதுபோல அர்ச்சனை செய்பவர். அவர் வீட்டுக்குள்ளேயே அவர் தம்பியின் மரணத்தை ஒரு தாளில் கொண்டுவந்து, சேலைகளுக்குக் கீழே ஒளித்துவைத்திருக்கிறேன் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

ஆகவே அதை அறிந்தவர்கள் ஊரில் என் அண்ணன், இங்கே அவொக்கா, பிறகு ரீச்சர். சான்றிதழைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து முத்திரை குத்துகிறவரிடம் என்னைக் கூட்டிப்போனவர் ரீச்சர்தான். அன்று திரும்பி வரும்போது, “மச்சாளிட்டைச் சொன்னனீரோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “சொல்லும். பிறகு தெரியவந்தா இன்னும் நோகும்,” என்றார். நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் வெங்காயத்தின் முன்னால் நின்றுகொண்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அண்ணன் எழுத மாட்டான். அவொக்கா எழுத மாட்டார். முத்திரை குத்தியவருக்கு என் வழக்கே தெரியாது. எப்படிச் சுற்றி வந்தாலும் ரீச்சரிடம்தான் போய் நின்றது.

ரீச்சர் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் பெண்கள் பாடசாலையொன்றில் படிப்பித்தவர், அதனால் இங்கும் எல்லோருக்கும் ரீச்சர். கணவர் அங்கேயே இறந்துபோனார். ஒரே மகள் திருமணமாகி பிரான்சின் தெற்குப் பக்கம் இருந்தாள். ரீச்சர் காலையில் ஒரு வயதான பிரெஞ்சு அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குப் போவார். பிற்பகலில் எங்கள் உணவகத்துக்கு நான்கு கடை தள்ளி இருந்த தேநீர்க்கடையில், கண்ணாடியோரத்து மேசையில் வந்து அமர்வார். சனங்கள் கடிதங்களோடு வருவார்கள். மின்சாரக் கடிதம், பாடசாலைக் கடிதம், வீட்டுக் கடிதம், விசாக் கடிதம். எல்லாவற்றையும் வாசித்து, பதில் எழுதிக் கொடுப்பார். தேத்தண்ணிகூட மற்றவர்கள் வாங்கிக் கொடுத்தால் குடிக்க மாட்டார். ஒரு மண்ணிறக் கொப்பியில் வந்தவர்களின் பெயர், பிறந்த திகதி, எந்த அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் சின்ன எழுத்தில் குறித்து வைத்திருப்பார். அதுவரை எனக்கு அது பெரிய புண்ணியமாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதே மேசையும் அதே கொப்பியும் எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கின. ஏன் இந்த மனுஷி சும்மா இதையெல்லாம் செய்கிறார்? எல்லோருடைய கதையும் ஒருவருக்கு எதற்கு? “எல்லாற்றை அலுவலும் தெரிஞ்ச ஆக்களோடை கவனமாத்தான் பழகோணும்,” என்று எங்கள் சமையலறையில் கொத்துரொட்டி போடும் அண்ணை எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் யாரைப் பற்றி அதைச் சொன்னார் என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. ஆனாலும் ரீச்சரைத்தான் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை ரீச்சரே சமையலறையின் பின்கதவுக்கு வந்தார். அவர் அப்படி வந்ததே இல்லை.

“திங்கக்கிழமை உமக்கு லீவுதானே? ரெண்டு வருசமா இஞ்சை இருக்கிறீர். லா சப்பலையும் வில்லியே லே பெல்லையும் விட்டா வேறை என்னத்தைப் பாத்தனீர்? இலையெல்லாம் நிறம் மாறியிருக்கு. வாரும், ஒருக்கா நடந்து பாப்பம். மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாரும். அவவுக்கும் பள்ளிக்கூட லீவு.”

மச்சாள் ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை செய்துவந்தார். இலையுதிர்கால விடுமுறை அப்போதுதான் தொடங்கியிருந்தது.

“மச்சாள் வரமாட்டா ரீச்சர். அவ எங்கையும் வாறேல்லை.”

“கட்டாயம் கூட்டிக்கொண்டு வரோணும்,” என்றார் ரீச்சர். அந்தக் ‘கட்டாயம்’ எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் மச்சாளிடம் சொன்னபோது, அவர் அடுப்பைத் துடைத்தபடியே, “ஓம், ரீச்சர் எனக்கும் சொன்னவ. போவம்,” என்றார். எனக்குப் பின்னால் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது என்பது அப்போதே எனக்கு விளங்கியது. மச்சாளிடம் சான்றிதழைப் பற்றிச் சொல்லி, அவரையும் எனக்கு எதிராகத் திருப்புவதற்கு ரீச்சர் வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். போகாமல் விடலாம். ஆனால் போனால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியும். ஒரு முழுநாள் பக்கத்தில் இருந்தால் எங்காவது ஓரிடத்தில் பிடிபடுவார் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் திங்கட்கிழமை நான் வெளிக்கிட்டேன்.

ஜோரெஸ் நிலையத்தில் இறங்கி வாய்க்கால் கரையோரமாக நடந்தோம். வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. வெயில் இருந்தும் சூடு இல்லை. கரையின் இரு புறமும் பெரிய மரங்கள் மஞ்சள் இலைகளைத் தண்ணீருக்குள் உதிர்த்துக்கொண்டு நின்றன. ஓரிடத்தில் ஒரு படகு, இரண்டு இரும்புக் கதவுகளுக்கிடையில் அடைபட்டு, தண்ணீர் ஏற ஏற மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. ரீச்சர் நின்று, வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுபோல அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். மச்சாள் படகைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரீச்சரின் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மண்ணிறக் கொப்பி பாதி வெளியே தெரிந்தது.

இன்றைக்கு அந்த நடையை நினைத்துப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. உலகமெல்லாமிருந்து ஆட்கள் தேடி வந்து நடக்கும் கரை. அதில் முதல் தடவையாக நடக்கிறேன். என் கண்ணில் எதுவுமே படவில்லை. ரீச்சர் தன் கைத்தொலைபேசியை எடுத்து என்னைப் படம் பிடித்தார். “எதுக்கு ரீச்சர்?” என்று கேட்டேன். “வடிவா நிண்டீர், அதுதான்,” என்றுவிட்டு, படத்தை யாருக்கோ அனுப்பி, நின்ற இடத்திலேயே நீளமாக ஏதோ எழுதினார். யாருக்கு? சிறிது தூரம் போனதும், “பேப்பர் கையிலை வைச்சிருக்கிறீர்தானே?” என்று கேட்டார். நான் இங்கே தங்கியிருக்க அனுமதிக்கும் தற்காலிகப் பத்திரத்தைத்தான் சொன்னார். அது எப்போதும் என்னிடம் இருக்கும். ஏன் இன்றைக்குக் கேட்கிறார்? யாராவது வந்து சோதிப்பார்கள் என்று இவருக்கு முன்கூட்டியே தெரியுமா? எதிரே வந்த நீலச் சீருடைக்காரர் ஒருவரைக் கண்டு நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் தபால்காரர்.

வழியில் ஒரு கடையின் வெளிமேசையில் அமர்ந்து கோப்பி குடித்தோம். நான் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது, கண்ணாடிக் கதவின் உள்ளிருந்தே அவர்கள் இருவரையும் கண்டேன். தலைகள் நெருங்கியிருந்தன. ரீச்சர் மச்சாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மச்சாள் மாட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நான் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது.

“குளிர் காத்து. மச்சாளுக்குக் கண்ணாலை தண்ணி வருது,” என்றார் ரீச்சர்.

காற்று அசையவே இல்லை. மேசை மேல் விழுந்து கிடந்த இலைகூட அப்படியே கிடந்தது. ரீச்சர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. சொல்லிவிட்டார், மச்சாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கோப்பி ஆறிப்போய் இருந்தது. குடித்தேன். மச்சாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவும் என் கணக்குக்குப் பொருந்தியது.

அங்கிருந்து ரீச்சர் முன்னால் நடந்தார். நகரசபைக் கட்டடத்தைத் தாண்டி, ஆற்றின் மேல் ஒரு பாலத்தில் ஏறி, நடுவிலுள்ள தீவுக்குள் இறங்கினோம். இடது பக்கத்தில், தீப்பிடித்த பெரிய தேவாலயத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது தெரிந்தது. ரீச்சர் அங்கே திரும்பவில்லை. நேரே போனார். நேரே, கல்லால் கட்டிய ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால், வரிசையாகப் பொலிஸ் வாகனங்கள் நின்றன. வாசலில் துப்பாக்கியோடு பொலிஸ்காரர்கள். அந்தப் பொலிஸ் தலைமையகத்தை நான் முன்பு வந்து பார்த்ததில்லை, ஆனால் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நாடு கடத்தல் கடிதங்களின் தலைப்பில் அந்தப் பெயர் இருக்கும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். ரீச்சர் அந்தப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார். நடக்கும்போதே கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

“எங்கை கூட்டிக்கொண்டு போறியள்?” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பக்கத்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ரீச்சர் திரும்பினார். கையில் மூக்குக்கண்ணாடி. “பூச்சந்தைக்கு,” என்றார். “ஏன் இப்பிடி நடுங்கிறீர்?”

நான் நம்பவில்லை. அந்தக் கட்டடத்துக்கு நேர் எதிரில் பச்சை நிறம் பூசிய இரும்புக் கொட்டகைகளையும், அவற்றின் வாசலெல்லாம் பரப்பி வைத்திருந்த பூச்சாடிகளையும் கண்ணால் கண்ட பிறகும், அவருக்கு நான்கடி பின்னாலேயே நடந்தேன்.

சந்தை முழுவதும் செவ்வந்தி. மஞ்சள், வெள்ளை, ஊதா, செங்கல் நிறம். இவ்வளவு செவ்வந்தியை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. அன்று முழுவதும் தலையைக் குனிந்தபடி வந்த மச்சாளின் முகம்கூட முதல் தடவையாக நிமிர்ந்தது. அவர் ஒரு மஞ்சள் சாடியிடம் குனிந்து பூக்களை உள்ளங்கையால் தடவினார்.

“என்ன வடிவு. ஒண்டு வாங்கி வீட்டிலை சாமியறையிலை வைப்பம்.”

“அதை இந்த நாளையிலை வீட்டுக்குக் கொண்டுபோகாதையுங்கோ,” என்றார் ரீச்சர், தனக்கொரு சாடியைத் தெரிந்தெடுத்தபடி. “இஞ்சத்தைய ஆக்கள் இதைச் செத்தவையின்ரை கல்லறையிலை கொண்டுபோய் வைக்கிறவை. கிழமைக் கடைசியிலை அவையின்ரை நாள் வருது. நானும் எங்கடை அவரின்ரை படத்துக்கு முன்னாலை வைக்கத்தான் வாங்கிறன்.”

மச்சாள் சுட்டதுபோலக் கையை இழுத்தார். சாடி சரிந்து, மண் நிலத்தில் கொட்டியது. கடைக்காரி எட்டிப் பார்த்தாள். நான் அவசரமாகக் குனிந்து சாடியை நிமிர்த்தி, கொட்டிய மண்ணை உள்ளே போட்டு, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மச்சாள் என்னைப் பார்த்தார். செவ்வந்திச் சாடியோடு நின்ற என்னைப் பார்த்தார்.

“வை அதை,” என்றார். “கீழை வை! என்ரை தம்பி சாகேல்லை.”

அவர் தம்பியைப் பற்றி அங்கே எவரும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. நான் சாடியைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. ரீச்சரின் முகத்தைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நடந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

“நான்தான் எழுதினனான்,” என்றார் மச்சாள். “என்னோடை வேலை செய்யிற ஒருத்தியைக் கொண்டு எழுதுவிச்சனான். உன்ரை உடுப்பை மடிச்சு வைக்க வந்த இடத்திலை அந்தப் பேப்பரைக் கண்டன். அவன்ரை பேர். பிறந்த திகதி. அதுக்குக் கீழை செத்த திகதி. ஆர் கண்டது? நீ கண்டனியோ?”

“இல்லை மச்சாள்.”

“அம்மா வயலுக்குப் போனா நான்தான் அவனை இடுப்பிலை வைச்சுத் திரிஞ்சனான். நீ ஒரு கடுதாசியிலை அவனைக் கொண்டுபோட்டாய்.”

பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடம் ஒரே பானையில் சோறு உண்டவர். விசாரணைக்கு என்ன சேலை உடுக்கலாம் என்று முந்தின கிழமைதான் என்னோடு அலுமாரிக்கு முன்னால் நின்று பேசியவர்.

“என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு யோசிக்கேல்லையோ மச்சாள்?”

“அனுப்புவாங்கள் எண்டு நினைக்கேல்லை,” என்றார். “அந்தப் பேப்பரை மட்டும் கிழிச்சு எறிவாங்கள் எண்டுதான் நினைச்சனான். சத்தியமா அவ்வளவுதான் நினைச்சனான். அனுப்பின பிறகுதான் பயம் பிடிச்சது. ரீச்சரிட்டை ஓடினன்.”

ரீச்சர் தன் பூச்சாடியை ஓரமாக வைத்துவிட்டு எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். எவருக்கும் பரிந்து பேசவில்லை. “நான் சொல்லியிருக்கலாம்,” என்றார் என்னிடம். “ஆனா இது என்ரை வாயாலை வரக்கூடாது. வீட்டுக்குள்ளை எண்டா நீங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு அறையிலை கதவைச் சாத்திப்போடுவியள். அதுதான் சாத்திறதுக்குக் கதவில்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். காலமையிலையிருந்து மூண்டு தரம் சொல்லச் சொன்னன். இவ மாட்டன் எண்டவ.”

ஆற்றங்கரைக்கு இறங்கி ஒரு கல்லிருக்கையில் அமர்ந்தோம். ரீச்சர் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். உள்ளே போக முடியாத தேவாலயத்தை வெளியே நின்று அவர் ஒன்றரை மணித்தியாலம் பார்த்திருக்க வேண்டும். பிறகு நான் சொல்லத் தொடங்கினேன். எத்தனை அலுவலகம், எத்தனை வரிசை, எத்தனை பேரிடம் அதே படத்தை நீட்டினேன் என்று சொன்னேன். களைத்துப்போனேன் மச்சாள் என்று சொன்னேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட அண்ணன் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னதையும் சொன்னேன்.

மச்சாள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, “அண்டைக்கு அவன் என்ன சேட் போட்டிருந்தவன்?” என்று கேட்டார்.

இரண்டு வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருந்தேன். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்டால் நான் அழுவேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர் கேட்காததால், கேட்க விருப்பமில்லை என்று நான் நினைத்திருக்கிறேன். நீலக் கட்டம் போட்ட சேட் என்றேன். கை முழங்கைவரை மடித்திருந்தது. தண்ணீர்ப் போத்தலை என்னிடம் தந்துவிட்டு, “முன்னாலை போம், வாறன்,” என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் எனக்கு முதுகு காட்டி நின்றார். சப்பாத்து இல்லை, செருப்பு. ஒன்றின் வார் அறுந்து, கம்பியால் கட்டியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மச்சாள் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டார். கம்பியால் கட்டிய செருப்பு என்றபோது அவரிடமிருந்து சிரிப்புப் போல ஒரு சத்தம் வந்தது. “சின்னனிலையும் அப்பிடித்தான். புதுசு வாங்க விடமாட்டான்,” என்றார். அதன் பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

அந்தக் கிழமையே தேநீர்க்கடை மேசையில் இரண்டாவது கடிதம் எழுதப்பட்டது. மச்சாள் தமிழில் சொல்லச் சொல்ல ரீச்சர் பிரெஞ்சில் எழுதினார். முதல் கடிதத்தை எழுதுவித்தது நான், என் தம்பி காணாமல் போனது உண்மை, அவன் இறந்துவிட்டான் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை என்று அதில் இருந்தது. கீழே மச்சாள் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். அவொக்காவுக்கு அது பிடிக்கவில்லை, வழக்கைக் குழப்பும் என்றார். விசாரணை நாளன்று நீதிபதியம்மா என்னைக் கேட்டார்: உங்கள் கணவர் இறந்துவிட்டாரா? தெரியாது என்றேன். அப்படியானால் ஏன் மரணச் சான்றிதழ் கொண்டுவந்தீர்கள்? “நீங்கள் ஒரு ஆதாரம் கேட்டீர்கள். எங்கள் நாட்டில் காணாமல் போனவருக்கு எனக்குக் கிடைத்த கடதாசி அது ஒன்றுதான்,” என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். மச்சாள் பின்வரிசை வாங்கில் அமர்ந்திருந்தார். மூன்று வாரத்தின் பின் எனக்கு அகதி உரிமை கிடைத்ததாக முடிவு வந்தது. உண்மையைச் சொன்னதால் கிடைத்ததா, சொன்ன பிறகும் கிடைத்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ரீச்சரிடம் நான் என் சந்தேகத்தைச் சொல்ல ஒரு வருடம் எடுத்தது. அதே மேசையில், ஆட்கள் குறைந்த ஒரு பிற்பகலில் சொன்னேன். “அண்டைக்கு முழுக்க உங்களைத்தான் ரீச்சர் நினைச்சனான்.”

“தெரியும்,” என்றார். “என்ரை முகத்தை விட்டு உம்மடை கண் எடுபடேல்லை. தபால்காரனுக்கு ஒளிச்ச ஆள் நீர்.” அந்தப் படத்தை மகளுக்குத்தான் அனுப்பினாராம். விசாரணை முடியும்வரை இந்தப் பிள்ளைக்காகச் செபி என்று எழுதியிருந்தாராம். கைத்தொலைபேசியில் தேடி எடுத்துக் காட்டினார். படத்தில் நான் ரீச்சரைக் கோபமாக முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு அவரே கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: “நானும் ஒண்டு சொல்லோணும். மச்சாள் வந்து அழேக்கை, ஒரு இரவு நானும் உம்மைச் சந்தேகப்பட்டனான். ஒருவேளை மனுசன் உயிரோடை எங்கையாவது இருக்கிறாரோ, இந்தப் பிள்ளை பொய் சொல்லுதோ எண்டு. அதையும் பாக்கத்தான் அண்டைக்கு வந்தனான். அந்தச் சாடியை நீர் பிடிச்சுக்கொண்டு நிண்டீரே, அப்ப உம்மடை முகத்தைப் பாத்த பிறகுதான் அந்தச் சந்தேகம் விட்டது.”

அந்த நாளில் நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டுதான் அந்த அழகான நகரத்தில் நடந்திருக்கிறோம். அதை நினைத்து இருவரும் சிரித்தோம். அன்றைக்குத்தான் நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியை ரீச்சர் குடித்தார்.

ரீச்சர் பிற்பாடு மகளிடம் தெற்கே போய்விட்டார். சென்ற வருடம் வசந்தத்தில் அங்கேயே காலமானார். நானும் மச்சாளும் ரயிலில் செத்தவீட்டுக்குப் போய் வந்தோம். எல்லாரும் போன பிறகு மகள் அந்த மண்ணிறக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். என்னுடைய பக்கத்தில் பெயர், பிறந்த திகதி, வழக்கு இலக்கம், பிறகு ‘முடிந்தது’ என்று ஒரு சொல். சந்தேகப்பட்டதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

இப்போது கடிதங்களை நானே வாசிக்கிறேன். தட்டுத்தடுமாறித்தான். போன மாதம் எனக்கென்று ஒரு தனி வீட்டுக்கு விண்ணப்பம் நிரப்பினேன். மச்சாளின் சமையலறை மேசையில், மச்சாள் பக்கத்தில் இருந்தார். இரண்டாம் பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். மணமாகாதவர், மணமானவர், பிரிந்தவர், விதவை. தெரியாது என்பதற்குப் பெட்டி இல்லை. என் பேனை அந்த வரியில் நின்றது. மச்சாளுக்கு இத்தனை வருடத்தில் அந்தப் பிரெஞ்சுச் சொற்கள் நன்றாகத் தெரியும். அவர் எழுந்து யன்னலடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே பஸ் தரிப்பிடத்தைப் பார்க்கத் தொடங்கினார். நான் கடைசிப் பெட்டியில் புள்ளடி போட்டேன்.

“எல்லாம் நிரப்பியாச்சோ?” என்று திரும்பாமலே கேட்டார்.

“ஓம் மச்சாள்.”

அவர் வந்து, விண்ணப்பத்தை என் கையிலிருந்து வாங்கி, விரித்துப் பார்க்காமலே மூன்றாக மடித்து, உறைக்குள் வைத்து ஒட்டினார்.